மின்விசிறிகூட இல்லாமல் வகுப்பறையைக் குளுமையாக வைக்க முடியுமா?

எங்கள் ஊரில் புதுப் பள்ளி கட்டப்போகிறோம், மேலே தகரம் போட்டால் வெயிலில் வேகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தகரம் மட்டும் போட்டால் நிச்சயம் வேகும். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்கினா பாசோ நாட்டின் காண்டோ கிராமத்துப் பள்ளியைப் பாருங்கள். அந்த ஊரிலேயே பிறந்த பிரான்சிஸ் கெரே, பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோதே வடிவமைத்தது. 2001இல் கட்டி முடித்தார்கள்.

சுவருக்குக் களிமண்ணில் கொஞ்சம் சிமெண்டு கலந்து அழுத்திய கல். உள்கூரையும் அதே கல்தான்: கம்பிகள் மேல் சாந்து வைக்காமல், இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே, கம்பிச் சட்டத்தில் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. ஜன்னல் வழியே நுழையும் காற்று சூடாகி மேலெழும்பி, அந்த இடுக்குகளில் ஏறி, தகரத்துக்கு அடியிலேயே வெளியே போய்விடுகிறது. தகரத்தின் சூடு பிள்ளைகள் தலையில் இறங்குவதில்லை. கூரை சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருப்பதால் மண்சுவர் மழையிலும் கரையாது.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கியது அந்த ஊர்ப் பிள்ளைகள், தண்ணீர் சுமந்தது பெண்கள். கெரேவுக்கு 2022இல் கட்டடக்கலைக்கான உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. உங்கள் பொறியாளரிடம் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள், ஜன்னலை அதற்கேற்ப வையுங்கள்.