பெட்டியும் பின்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். இரவில் கவிதை எழுதுவேன். எங்கள் நிரல் ஒன்று நள்ளிரவு தாண்டினால் மட்டும் தப்புக் கணக்கு காட்டியது. மூன்று நாள் குழுவே நிரலை வரி வரியாகப் பார்த்தது. கடைசியில், சர்வரின் கடிகாரம் வேறொரு நாட்டு நேரத்தில் ஓடுவதை நான் கவனித்தேன். ‘நல்ல கற்பனை’ என்று மேலாளர் பாராட்டினார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. கோளாறு பார்ப்பதும் கவிதை எழுதுவதும் ஒன்றா?

ம.

அன்புள்ள ம.,

கூச்சப்பட வேண்டாம். உங்கள் மேலாளர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எல்லாச் சிக்கலுக்கும் கற்பனை வேண்டியதில்லை. நீள வகுத்தலில் படிப்படியாகப் போனால் விடை வந்துவிடும். தெரிந்த வழி முட்டி நிற்கும் இடத்தில்தான் கற்பனைக்கு வேலை.

கார்ல் டங்க்கர் என்ற உளவியலாளரின் சோதனை ஒன்று உண்டு. 1945-ல் ஆங்கிலத்தில் வெளியானது. மெழுகுவர்த்திகளைக் கதவில் கண் மட்டத்தில் நிறுத்த வேண்டும். மேசையில் போர்டு பின்கள், தீக்குச்சிகள், சின்னப் பெட்டிகள். பெட்டியைப் போர்டு பின்களால் கதவில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்தினால் முடிந்தது. பெட்டிகளைக் காலியாக வைத்தபோது இது சுலபமாகத் தோன்றியது. உள்ளே பின்களும் தீக்குச்சிகளும் இருந்தபோது பலருக்குத் தோன்றவேயில்லை. பெட்டி கண்ணெதிரில்தான் இருக்கிறது, ஆனால் ‘சாமான் போட்டு வைப்பது’ என்று மனம் அதற்கு ஒரு வேலையைக் கொடுத்து முடித்துவிடுகிறது.

எனக்கும் இது நடந்தது. ஒரு கதையில், ஊரிலிருந்து அம்மா எழுதும் கடிதம் வரும். சாவுச் செய்தியை மகனுக்குச் சொல்ல வேண்டுமே என்று அதை வைத்திருந்தேன். முடிவு மட்டும் அமையவில்லை. நாலு மாதம் கடைசிப் பக்கத்தையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் திடீரென்று உறைத்தது: அம்மா அந்தக் கடிதத்தைத் தபாலில் போடவே இல்லை! அதுதான் கதை. கடிதத்தைச் செய்தி போட்டு வைக்கும் பெட்டியாகவே பார்த்திருக்கிறேன். எல்லோரும் நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்ததும் இதேதான்.

வித்தியாசமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். உங்கள் கோளாறு சரியானது உடனே தெரிந்துவிடும். கவிதையில் கேள்வியையே நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில சமயம் விடை முதலில் வந்து காத்திருக்கும். 1968-ல் 3M நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் வலுவான பசை தேடப்போய், ஒட்டினாலும் சுலபமாகப் பிரிந்துவரும் பசையைக் கண்டுபிடித்தார். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று பல வருடம் தெரியவில்லை. 1974-ல்தான், பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் நழுவி விழுவதைக் கண்ட, அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃப்ரை என்பவருக்கு அந்தப் பசை நினைவுக்கு வந்தது. ஒட்டி எடுக்கும் சின்னக் குறிப்புத் தாள்களான போஸ்ட்-இட் அப்படிப் பிறந்தவை. உங்கள் நோட்டிலும் எந்தக் கவிதையிலும் சேராத நல்ல வரிகள் கிடக்குமே, அவற்றை அடித்துவிடாதீர்கள்.

அப்புறம், கவிதை எங்காவது நின்றுபோனால் கோளாறு தேடுவது போலவே தேடிப் பாருங்கள். இந்த வரியில் கை வைக்கவே கூடாது என்று எதை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களோ, முதலில் அதைத் திறங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். நள்ளிரவு தாண்டினால் மட்டும் தப்பும் அந்தக் கணக்கே ஒரு கவிதைக்குப் போதும் என்று தோன்றுகிறது.