முன்னே போய்ப் பின்னே வரும் சுவாமி புறப்பாடு

கேள்வி: 2004 மகாமகத்தின்போது குளக்கரையில் நின்று மினி டிவி (MiniDV) கேசட்டில் எடுத்த வீடியோவை இப்போது டிவிடியாக மாற்றினேன். கோபுரம், படித்துறை எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் கூட்டம் நகரும்போதும் சுவாமி புறப்பாட்டிலும் படம் உதறுகிறது, ஓர் அடி முன்னே போய் அரை அடி பின்னே வருகிற மாதிரி. கணினியில் பார்த்தால் இந்த உதறல் இல்லை. கேசட் போய்விட்டதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கேசட் நன்றாகத்தான் இருக்கிறது. அசையாத காட்சி சுத்தமாக இருந்து, அசைவது மட்டும் உதறினால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஃபீல்டு வரிசை மாறிவிட்டது.

நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது முழுப் படம். ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு ஃபீல்டுகள், ஒன்றில் ஒற்றைப்படை வரிகள் (மேல் ஃபீல்டு), மற்றதில் இரட்டைப்படை வரிகள் (கீழ் ஃபீல்டு), இரண்டுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. அதாவது கேமரா 1, 2, 3, 4 என்று எடுத்ததை வரிசை மாற்றிக் காட்டினால் டிவியில் 2, 1, 4, 3 என்று வரும். படித்துறை நகராது, அதனால் அங்கே ஒன்றும் தெரியாது. பல்லக்கு நகரும், அது முன்னே போய்ப் பின்னே வரும். கணினியில் பல பிளேயர்கள் இரண்டு ஃபீல்டையும் கலந்து காட்டிவிடுவதால் குறை மறைந்துவிடுகிறது.

மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். டிவிடிக்கு மாற்றும் மென்பொருள்கள் பலவற்றிலோ மேல் ஃபீல்டு முதலில் என்று தானாகவே வைத்திருக்கும். அமைப்புகளுக்குள் போய் 'லோயர் ஃபர்ஸ்ட்' அல்லது 'பாட்டம் ஃபர்ஸ்ட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி மாற்றுங்கள். எடிட்டிங் ஒரு மென்பொருளிலும் டிவிடி மாற்றம் வேறொன்றிலும் செய்தால் இரண்டிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓரிடத்தில் தப்பாக இருந்தாலே போதும். முழு கேசட்டையும் மாற்றிவிட்டுக் காத்திருக்காமல், கூட்டம் குறுக்கே போகிற ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி, இரண்டு வரிசையிலும் மாற்றி, ஒரு ரீரைட்டபிள் டிஸ்க்கில் போட்டு டிவியிலேயே பாருங்கள். எது சரி என்று கண்ணே சொல்லிவிடும்.

அப்புறமும் உதறினால், அதுவும் நொடிக்குச் சில தடவை ஒரே தாளத்தில் வெட்டினால், மென்பொருள் என்டிஎஸ்சியில், அதாவது நொடிக்குச் சுமார் 30 ஃபிரேம் உள்ள அமெரிக்க டிவி முறையில், இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதற்காகச் சிலர் வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். 25-ஐ 30 ஆக இழுத்தால் வெட்டத்தான் செய்யும். கணினியில் பார்ப்பவருக்குப் பால் டிஸ்க்கே போதும். ஆங்காங்கே மட்டும் நின்று நின்று ஓடினால் அது பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பது) விவகாரம். டிவிடியில் படத்துக்கு உச்சவரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட், ஆனால் வீட்டில் எரித்த டிஸ்க்கில் அதைத் தொட்டால் பழைய பிளேயர்கள் திணறும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 7 தாராளம்.

கேள்வி: ஸ்டுடியோக்காரர் 'டீஇன்டர்லேஸ் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறாரே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: டீஇன்டர்லேஸ் என்றால் இரண்டு ஃபீல்டையும் ஒரே முழுப் படமாக்குவது. உதறல் போகும், கூடவே அசைவின் வழுவழுப்பும் போகும். சாதாரண டீஇன்டர்லேஸில் 50 அசைவுகள் 25 ஆகிவிடுகின்றன. டிவியில் பார்க்கப்போகிற டிஸ்க்குக்கு அது வேண்டாம். வரிசையைச் சரிசெய்யச் சொல்லுங்கள், வேலையும் குறைவு. செல்போனில் பார்ப்பதற்கு என்றால் செய்யலாம், ஆனால் 50 ஃபிரேமாக வெளியே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஆடிப்பெருக்குக்கு எடுத்த பழைய கேசட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், திருவையாறு

பதில்: வேண்டவே வேண்டாம். ஆற்றங்கரை ஈரத்தில் பீரோவுக்குள் கிடந்தால் பூசணம் பிடிக்கும். அதை ஓட்டினால் டேப்பைப் படிக்கும் கேமராவின் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். தனியாகப் பிரித்து உலர்ந்த இடத்தில் வையுங்கள், டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூக்காத கேசட்டுகளை இந்த மழைக்காலத்துக்கு முன்பே கேமராவிலிருந்து ஃபயர்வயர் என்ற கேபிள் போட்டுக் கணினிக்கு இறக்கிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும்.