பேரேட்டில் எழுதிய கதை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தேவகோட்டையில் வசிப்பவன். எங்கள் பூர்விக வீட்டைப் பங்காளிகள் பிரித்து விற்றதைப் பற்றி, பழைய பேரேட்டின் வடிவத்தில், வரவும் பற்றுமாக ஒரு கதை எழுதினேன். இதனுடன் இணைத்திருக்கிறேன். காரைக்குடியில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அதை வாசித்தபோது, நான் மிகவும் மதிக்கும் மூத்த வாசகர் ஒருவர், "விசித்திரமான எழுத்து, கொஞ்சம் கிறுக்குத்தனமும் இருக்கிறது, ரசித்தேன்" என்று சிரித்தபடி சொன்னார். மற்றவர்களும் கைதட்டினார்கள். அது பாராட்டா, தள்ளிவைத்தலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கதையை எல்லோரும் எழுதுவதுபோல மாற்றி எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், தேவகோட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

கதையைப் படித்தேன். அந்தப் பெரியவர் மனதாரத்தான் சொல்லியிருப்பார். அதில் ஐயம் வேண்டாம். ஆனால் அவர் சொன்னதிலிருந்து உங்கள் கதையைப் பற்றி நாம் எதையும் அறிந்துகொள்ள முடிவதில்லை. வழக்கமில்லாத ஒன்றை எதிர்கொண்டபோது அவருக்குள் ஒரு வியப்பு எழுந்தது என்பதை மட்டுமே அறிகிறோம். அந்த வியப்பு எந்த வரியில் எழுந்தது, ஏன் எழுந்தது என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டிருந்தால் விமர்சனம் அங்கே தொடங்கியிருக்கும். நம் கூட்டங்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் கைதட்டல் வந்துவிடுகிறது, பேச்சு அடுத்த கதைக்குப் போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும், தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இங்கே நமக்கு உதவும். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் என்றும், புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கிலிருந்து மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும் என்றும் அது பிரித்துக் காட்டுகிறது. ஓர் எழுத்தை விசித்திரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர், தமக்கு நேர்ந்தது நகையா மருட்கையா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். எழுதியவருக்குத் தெரிய வேண்டியதோ அதுதான். எழுதியவரின் அறியாமையைக் கண்டு வந்த சிரிப்பு என்றால் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்த்ததால் வந்த வியப்பு என்றால் அந்த வரியில் கைவைக்கவே கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடிவத்தின் விநோதம் தமிழுக்குப் புதியதன்று. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு முழுப் பதிகமே பாடியிருக்கிறார். அணி இலக்கணம் அத்தகைய பாடல்களைச் சித்திரகவி என்று வகுத்து ஏற்றுக்கொண்டது. ஆகவே வடிவம் வழக்கத்தை மீறுகிறதா என்ற கேள்வி நம்மை வெகுதூரம் கொண்டுபோகாது. சொல்ல வந்த பொருள் அந்த வடிவத்தைக் கேட்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் ஊர்ப்பக்கம் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வீதியில் நடப்பவர், சில வீட்டு முகப்புகளில் கஜலட்சுமிக்கு அருகிலேயே துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாயும் சுதையில் நிற்பதைக் கண்டு விநோதம் என்பார். இரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் கடை வைத்து, தேக்கையும் பளிங்கையும் கப்பலில் வரவழைத்துக் கட்டியவருக்கு அதில் விநோதம் ஏதுமில்லை. அவர் வாழ்ந்த உலகம் அவ்வளவும் முகப்பில் ஏறியிருக்கிறது. உங்கள் கதையில் பேரேடு இருப்பதும் அவ்வாறே என்று நான் கருதுகிறேன். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அங்கே வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படை உள்ளே நுழைந்தபோது அவர்களில் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பிறகு அந்த நிலங்களும் கைவிட்டுப் போயின. வராத கடன்களின் பக்கங்கள் மட்டும் பல வீட்டுப் பெட்டகங்களில் தங்கின. இழப்பைக் கணக்காக எழுதி வைத்த ஒரு சமூகத்தின் வீடு விலைபோவதைக் கணக்காகவே எழுதுவது இயல்பு. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கதையின் உள்ளே வருகிறேன். வளவு என்னும் உள்முற்றத்தின் தூண்களும் நிலைக்கதவும் பழம்பொருள் கடைக்குப் போகும் பக்கத்தில், ஒவ்வொரு வரியிலும் பொருளின் பெயர், வாங்கியவர், தொகை என்று ஒழுங்காக வருகின்றன. திடீரென்று, "அப்பத்தா முறுக்குப் பிழிய உட்காரும் பலகை" என்ற பதிவுக்கு நேரே தொகை இல்லை. "விலை கேட்கவில்லை, கொடுத்துவிட்டோம்" என்று மட்டும் இருக்கிறது. எல்லா வரியிலும் தொகையைப் பார்த்துப் பழகிய கண் அங்கே நின்றுவிடுகிறது. இதே செய்தியை நீங்கள் வழக்கமான நடையில் எழுதியிருந்தால், அப்பத்தாவைப் பற்றி ஒரு பத்தி உருக வேண்டியிருந்திருக்கும். வடிவம் தேவையா என்று அறிய எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றே: அதை நீக்கிவிட்டு அதே செய்தியைச் சொல்லிப் பார்ப்பது.

அந்தச் சோதனையில் தேறாத இடமும் உங்கள் கதையில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் பதிவுகள் எதுகை மோனையுடன் பாட்டாக மாறுகின்றன. பங்காளிகள் சண்டையிடும் அந்த இடத்தில் கணக்கப்பிள்ளை ஏன் பாட வேண்டும் என்பதற்குக் கதையில் எந்தக் காரணமும் இல்லை. முதல் இரண்டு பக்கங்களில் கிடைத்த துணிச்சலில் இன்னும் ஒரு புதுமை செய்து பார்த்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பெரியவர் கிறுக்குத்தனம் என்றது இந்தப் பக்கத்தை மட்டும்தான் என்றால் நான் அவர் பக்கம். விசித்திரம் என்று பாராட்டப்படும் இளம் எழுத்தாளர்களுக்கு நேரும் ஆபத்தும் இதுவே. அடுத்த கதையில் பொருள் கேட்கிறதோ இல்லையோ, விசித்திரத்தைத் தேடிப் போகத் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல கண் உள்ள சிலர் அப்படித் தங்களைத் தொலைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கதையை மாற்றி எழுத வேண்டாம். மூன்றாம் பக்கத்துப் பாட்டை எடுத்துவிட்டு, சண்டையையும் அதே வறண்ட பதிவுகளாக, யார் எதைக் கேட்டார், எது யாருக்குப் போயிற்று என்று எழுதிப் பாருங்கள். பலகைக்கு நேரே உள்ள இடத்தைத் தொகை இல்லாமல் அப்படியே விடுங்கள். பிறகு அந்தப் பெரியவரையே நேரில் கண்டு, எந்த வரியில் சிரிப்பு வந்தது, எந்த வரியில் நின்றீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கதையைக் கவனித்துக் கேட்டவர் அவர். கேட்டால் கட்டாயம் சொல்லுவார்.

அன்புடன்