பிழைத்த கெண்டையின் ரத்தத்தில் வைரஸ் தங்குமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஊற்றுத் தண்ணீரில் 5 சென்ட் குட்டை வைத்திருக்கிறேன். போன ஜூனில் 300 சாதா கெண்டையில் 40 தவிர மற்றதெல்லாம் செத்துவிட்டன. மிச்சம் இருப்பவை இந்தத் தைக் குளிரிலும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைத் தாய்மீனாக வைத்துக்கொண்டு அதே குட்டையில் புதுக் குஞ்சு விடலாமா? "ரத்தத்துலயே வைரஸ் குடியிருக்கும் மாமா, விடாதீங்க" என்கிறான் அக்கா மகன். ஏதாவது மருந்து உண்டா?

பதில்: உங்கள் மருமகன் சொன்னது பாதி சரி. குஞ்சு விடுவதைத் தள்ளிப்போட அந்தப் பாதியே போதும்.

அவர் சால்மன் மீனைப் பற்றிப் படித்திருப்பார். நம் உடம்பில் சிவப்பணு முதிர்ந்ததும் உட்கருவை இழந்துவிடுகிறது. அது அடுப்படி இல்லாத வீடு மாதிரி, வைரஸ் நுழைந்தாலும் உலை வைக்க வழியில்லை. மீனின் சிவப்பணுவில் உட்கரு கடைசிவரை இருக்கும். வாலடியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் இழுத்து, ஜீம்சா சாயம் போட்டால் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும்: நீள்வட்ட அணுக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதாப் பொட்டு. (உங்கள் வீட்டுக் கோழியின் ரத்தமும் இப்படித்தான்.) வைரஸ் பெருகத் தேவையான தட்டுமுட்டு எல்லாம் அதற்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

நார்வே கடல் பண்ணைகளில் 1999-இல் சால்மனுக்கு இதயமும் தசையும் அழற்சி கண்டு சாகும் நோய் வந்தது. அதோடு தொடர்புள்ள பிசைன் ஆர்த்தோரியோ வைரஸை 2010-இல் கண்டார்கள். நோய்க்குக் காரணம் அதுதான் என்று 2017-இல் உறுதியானது. அது பெருகும் இடம் சிவப்பணு. உச்சத்தில் பாதிக்கு மேற்பட்ட அணுக்களில் இருக்கும். பிறகு அடங்கிவிடும், ஆனால் போகாது. மீன் தின்னும், நீந்தும், வளரும். ரத்தத்தில் வைரஸ் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ட்ரவுட்டைத் தாக்கும் பங்காளி வைரஸும் உண்டு. அவலாஞ்சியில் ட்ரவுட் வளர்ப்பவர்கள் அதைப் பற்றிக் கேட்டால் நியாயம். உங்கள் கெண்டைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கெண்டைக்கு வேறு கதை. கெண்டையைக் கொல்லும் கொய் ஹெர்பிஸ் வைரஸ், பிழைத்த மீனின் வெள்ளையணுக்களில், அதிலும் எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி அணுக்களில் போய்ப் படுத்துக்கொள்கிறது. காவல்காரன் வீட்டுத் திண்ணையிலேயே திருடன் தூங்குவது போலத்தான். தூங்கும்போது ரத்தப் பரிசோதனையில்கூடத் தப்பிவிடலாம். வலை போட்டு இழுத்த அலுப்பிலோ, வண்டியில் ஏற்றிய அலுப்பிலோ, தண்ணீர் சூடேறும்போதோ எழுந்து வரும். நோயாக வெளிப்படுவது ஏறக்குறைய 16 முதல் 28 டிகிரிக்குள். அதனால்தான் உங்கள் மீன் இப்போது நன்றாக இருப்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உறைபனிக் காலத்தில் எந்த மீனும் சாதுதான்.

ஜூனில் செத்தது வைரஸால்தான் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் செத்தன என்று எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரே ராத்திரியில் மொத்தமாக மிதந்திருந்தால் என் சந்தேகம் மேலே இருக்கும் தேயிலை மேல்தான். மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தை அடிப்பார்கள். நம் மலைத் தண்ணீர் உப்புச்சத்து குறைந்த மென்னீர். அதில் செம்பின் நஞ்சு மீனுக்குப் பல மடங்கு ஏறும். மருந்து அடித்த மறுநாள் மழை பெய்ததா என்று தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள். மாறாக, ஒன்றிரண்டாக ஆரம்பித்து பத்துப் பதினைந்து நாள் செத்துக்கொண்டே இருந்து, செவுள் திட்டுத் திட்டாக வெளுத்து, கண் உள்வாங்கி, மேலெல்லாம் சளி பிடித்திருந்தால் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும்.

மருந்து கிடையாது. கடையில் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. காசைக் கரைக்காதீர்கள்.

அந்த நாற்பதையும் தாய்மீனாக வைக்காதீர்கள், பிடித்துச் சமையலுக்குக் கொடுத்துவிடுங்கள். இந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது. ஆய்ந்த குடலையும் செவுளையும் ஓடையில் எறியாமல் புதையுங்கள். 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்கு வந்த கெண்டையின் வழிவந்தது என்று யாராவது பெருமை சொன்னாலும் மனம் இளகாதீர்கள்.

விட மனமில்லையென்றால் ஒரு வழி உண்டு. ஐந்தாறு பிழைத்த மீன்களைத் தனித் தொட்டியில் விட்டு, கூடவே பத்துப் புதுக் குஞ்சுகளை விடுங்கள். தண்ணீர் 18 டிகிரி தாண்டும் மாதத்தில் செய்தால்தான் பயன். நான்கு வாரம் பாருங்கள். குஞ்சு சாகத் தொடங்கினால், உயிர் போகும் தறுவாயில் உள்ளதை ஆக்சிஜன் பையில் உயிரோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள், மீன்வளத் துறை அலுவலகத்தில் வழி சொல்வார்கள். செத்து நாறியதால் ஒரு உபயோகமும் இல்லை. குஞ்சு சாகாவிட்டாலும் சந்தேகம் முழுக்கத் தீராது, ஆகவே நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

குட்டையை வற்றவிட்டு, சென்ட்டுக்கு 20 கிலோ வீதம் சுட்ட சுண்ணாம்பு பரப்பி, நான்கு வாரம் காயப் போடுங்கள். உங்கள் 5 சென்ட்டுக்கு 100 கிலோ ஆகும். சுண்ணாம்பு கண்ணில் விழாமல் கவனம். வலையையும் வாளியையும் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பக்கத்துக் குட்டைக்காரருக்குக் கொடுங்கள். முதலில் நிரப்பும் தண்ணீரைக் கீழே ஓடைக்குத் திறக்காமல், காரத்தன்மை இறங்கும்வரை குட்டையிலேயே நிற்கவிடுங்கள். கீழே குடிக்கிற மாடு உங்களுடையதாகக்கூட இருக்கும்.