ஆடத் தெரியாவிட்டாலும் அடியைப் படிக்கத் தெரிய வேண்டும்

கேள்வி: பியானோவில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். பத்து வருடம் பரதம் கற்றேன், பாலே ஆடியதில்லை. பாலேயின் இசையையும் வரலாற்றையும் ஆராய்வதையே தொழிலாக வைத்துக்கொள்ள ஆசை. இதில் பிழைக்க முடியுமா? பாலே ஆடத் தெரியாதவளுக்கு அங்கே இடம் உண்டா?
– வாசகி, கோவை

பதில்: முதலில் சோற்றுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பாலே இசை வரலாற்றுக்கென்றே தனிப் பேராசிரியர் பதவியைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். வேறொரு வேலையில் காலூன்றிக்கொண்டு பாலேயில் மூழ்கியவர்கள்தான் இந்தத் துறையைக் கட்டினார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் மூன்று பாலேக்களைப் பற்றி 1985-இல் அடிப்படை நூல் எழுதிய ரோலண்ட் ஜான் வைலி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு நடத்தியவர். ‘ஜிசெல்’ என்ற பிரெஞ்சு பாலேயின் ஆய்வில் முன்னால் நிற்கும் மரியன் ஸ்மித் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்காரர். பாரிஸ் பாலேயின் வரலாற்றை நூல் நூலாக எழுதிய ஐவர் கெஸ்ட் (1920–2018) லண்டனில் சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர். இசை ஆசிரியர், நூலகர், இசைப்பிரதிகளின் பதிப்பாசிரியர், நடனக் குழுவின் ஆலோசகர் என்று இவற்றில் ஒன்றையாவது சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு 5 முதல் 7 வருடம் ஆகும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் போங்கள், கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

பாலே ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அடிகளைப் படிக்கத் தெரியாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. இசை கற்றவர் அச்சிட்ட ஸ்கோரை, அதாவது முழு இசைப்பிரதியை மட்டும் பார்க்கிறார். நடனம் கற்றவர் மேடையை மட்டும் பார்க்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்பது இருவருக்குமே தெரிவதில்லை. பெரும்பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ‘ஸ்வான் லேக்’ முழு ஸ்கோர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பெரிய குழுவின் முழு ஒளிப்பதிவைப் பாருங்கள். நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: நிமிடம், ஸ்கோரின் எண்ணும் பாரும் (தாளக் கட்டம்), சுருதி, மேடையில் நடப்பது. மூன்றாம் அங்கத்தில், இளவரசனை ஏமாற்ற வரும் கறுப்பு அன்னத்தின் ஜோடி நடனம் வரும்போது பக்கம் கிடைக்காமல் திணறுவீர்கள். ஏனென்றால் அந்த இசை முதல் அங்கத்தில், 5-ஆம் எண்ணாக இருக்கிறது. 1877-இல் மாஸ்கோவில் அரங்கேறியபோது அது வேறொரு சூழலுக்கு எழுதப்பட்ட இசை. சைகோவ்ஸ்கி 1893-இல் இறந்தார். 1895-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெதிபாவும் இவானவும் புதிதாக நடனம் அமைத்தபோது, இசையமைப்பாளர் திரிகோ அதை இடம் மாற்றினார். போதாதென்று சைகோவ்ஸ்கியின் 72-ஆம் ஒப்பஸ் (படைப்பு எண்) பியானோத் துண்டுகளில் மூன்றை (11, 12, 15) இசைக்குழுவுக்கு எழுதிச் செருகினார். அவற்றில் 12-ஆவது, கறுப்பு அன்னத்தின் தனி நடனமாயிற்று. அதை நீங்கள் 1877 ஸ்கோரில் எத்தனை புரட்டினாலும் காண மாட்டீர்கள். ‘மோசக்காரிக்கு சைகோவ்ஸ்கி இப்படி இசை தந்தார்’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர், அவர் செய்யாத காரியத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்து, ஒத்திகைப் பிரதி. அக்காலத்தில் பாலே ஒத்திகைக்குப் பியானோ கிடையாது. ஒன்றோ இரண்டோ வயலின்தான். அதற்கென எழுதிய தாள்களில், ஸ்வரங்களுக்கு மேலே பாத்திரம் என்ன ‘சொல்கிறது’ என்று நடன ஆசிரியர் கையால் குறித்து வைத்திருப்பார். இந்தத் தாள்களின் மதிப்பு தெரிய 1960-இல் லண்டனில் ஃப்ரெடரிக் ஆஷ்டன் அமைத்த ‘லா ஃபீல் மால் கார்தே’யைப் பாருங்கள். 1789-இல் போர்தோவில் பிறந்த இந்த பாலேவுக்கு, 1828-இல் எரோல்ட் பாரிஸில் புது இசை தந்தார். அதைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் கெஸ்ட். 1837-இல் நடனக்காரி ஃபானி எல்ஸ்லர் தனக்காகச் சேர்த்துக்கொண்ட ஜோடி நடனத்தின் வயலின் பிரதியையும் பாரிஸ் ஆப்பெரா நூலகத்தில் அவர் கண்டெடுத்தார். தோனிஸெத்தியின் மெட்டுகளைக் கொண்டு கட்டிய இசை அது. ஜான் லான்ச்பெரி அதற்கு இசைக்குழு வடிவம் தந்தார். இன்று அந்த பாலேயில் ஆடப்படும் பெரிய ஜோடி நடனங்களில் ஒன்று, ஒரு சொலிசிட்டர் பழைய தாள்களைக் கிளறியதால் கிடைத்தது.

உங்கள் பரதம் இங்கே கைகொடுக்கும். 1841-இல் ‘ஜிசெல்’ ஏறக்குறையப் பாதி நேரம் அபிநயமாகவே இருந்தது. கைமொழியால் பேசும் காட்சிகளுக்கு அதன் இசையமைப்பாளர் ஆதாம் வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தோடு இசை எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அபிநயத்தைக் குறைத்துவிட்டார்கள். பேச்சில்லாமல் அந்த இசை பொருளற்று நிற்கிறது. பீட்டர்ஸ்பர்க்கின் 1842 ஒத்திகைப் பிரதி, பிரெஞ்சு பாலே ஆசிரியர் ஜுஸ்தமான் எழுதி வைத்த மேடைக் குறிப்பேடு, பிற்கால நடனக் குறியீடு மூன்றையும் சேர்த்துவைத்து, 2011-இல் சியாட்டில் குழுவுக்காக ஸ்மித்தும் டக் ஃபுல்லிங்டனும் இழந்ததில் நிறைய மீட்டுக் கொடுத்தார்கள். பதம் பிடித்துப் பழகிய கை, எந்த பாரில் எந்தச் சொல் விழும் என்பதை விரைவில் பிடித்துவிடும்.

அடிகளைத் தாளில் எழுதும் நடனக் குறியீட்டுக்கு வருவோம். விளாடிமிர் ஸ்தெபானவ் 1892-இல் வெளியிட்ட முறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். இசை எழுதத் தெரிந்தவருக்கு எளிது: கோடுகள் 9, தலைக்கும் உடலுக்கும் 2, கைகளுக்கு 3, கால்களுக்கு 4. கூடவே, மேடையில் யார் எங்கே நகர்கிறார் என்ற தரைப்படம் இருக்கும். நிகொலாய் செர்கேயவ் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த இவ்வகைத் தாள்கள் 1969-இல் ஹார்வர்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் பல பக்கங்களில் கால்களும் தரைப்படமும் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. தலை, கைக் கோடுகள் காலி. ‘அசல் மீட்பு’ என்று விளம்பரம் செய்யும் எதிலும் கை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எது தாளில் இருந்தது, எது ஊகம் என்று பிரித்து எழுதுகிறவரே ஆய்வாளர்.

இசைக்குழுவினர் வாசித்த பிரதிகளையும் விடாதீர்கள். ஒட்டிய தாள், தைத்து மூடிய பக்கம், பென்சிலால் அடித்த பார்கள் – இரவில் மேடையில் என்ன கேட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ரஷ்ய ஆவணமென்றால் தேதியில் கவனம்: 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் நாட்காட்டி 12 நாள் பின்தங்கியது. 1895 ‘ஸ்வான் லேக்’ அங்கே ஜனவரி 15, பாரிஸ்காரருக்கு ஜனவரி 27. இதைக் கவனிக்காமல் ஒரே அரங்கேற்றத்தை இரண்டாக எண்ணிவிடுவது எளிது.

பிரெஞ்சு இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. இந்த மாதமே சேருங்கள். ரஷ்யன் அதற்கு அடுத்து. பிரெஞ்சு வந்ததும், தமிழ் தெரிந்தவர் முதலில் தொட வேண்டிய கட்டு ஒன்று உண்டு. 1838-இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து தில்லம்மாள், அம்மணி முதலிய தேவதாசிகள் பாரிஸ் போய் வாரியெத்தே அரங்கில் ஆடினார்கள். அவர்களைப் பார்த்து ‘லா பிரெஸ்’ ஏட்டில் எழுதியவர் பிரெஞ்சுக் கவிஞர் தெயோஃபில் கோத்தியே. மூன்று வருடம் கழித்து ‘ஜிசெல்’ கதையை எழுதிய இருவரில் ஒருவர், 1858-இல் சகுந்தலையை பாலேயாக்கியவர். அந்த ஏடு பிரெஞ்சு தேசிய நூலகத்தின் இணையப் பிரிவான கலிக்காவில் கிடைக்கிறது. 1838 ஆகஸ்டிலிருந்து தொடங்குங்கள். அவர் கண்டு விவரிக்கும் கையசைவுகளில் எது எந்த முத்திரை, எது அபிநயம், எது நிருத்தம் (பொருள் சொல்லாத தூய ஆட்டம்) என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதி வையுங்கள்.