ஏற்றத்தாழ்வு முற்றினால் நெருக்கடி வருமா? கேள்வி பதில்

கேள்வி: பணம் சிலர் கையிலேயே குவிந்தால் பொருளாதாரம் கவிழும் என்கிறார்கள். ஆதாரம் உண்டா?

இந்தப் பேச்சு கிளம்பியதே அமெரிக்கக் கணக்கிலிருந்துதான். அங்கே உச்சியிலிருக்கும் 1 சதவீதத்தினர் 1928-ல் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு பங்குச்சந்தை சரிந்தது. அப்புறம் பல பத்தாண்டுகள் இறங்கிக் கிடந்த அந்தப் பங்கு 2007-ல் மறுபடி அதே உயரத்தைத் தொட்டது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவால். இரண்டே சம்பவங்களை வைத்து விதி எழுதலாமா என்றால், கூடாது.

கேள்வி: சரி, ஒன்று எப்படி இன்னொன்றில் போய் முடிகிறது?

கடன் வழியாக. கூடுதலாக ஆயிரம் டாலர் வந்தால் சாதாரணக் குடும்பம் பெரும்பகுதியைச் செலவழித்துவிடும். கோடீஸ்வரர் வீட்டில் ஏற்கெனவே மூன்று ஃபிரிட்ஜ். நாலாவதை வாங்கி என்ன செய்வார்? அவர் பணம் வங்கிக்கும் கடன் பத்திரங்களுக்கும் போகும். வங்கி அதைப் பூட்டி வைக்குமா? சம்பளம் ஏறாத அதே குடும்பத்துக்குக் கடனாகக் கொடுக்கும். சம்பளமாக வந்திருக்க வேண்டிய காசு, வட்டியோடு வாசலுக்கு வருகிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் குடும்பங்களின் கடன், வரி போக மிஞ்சும் ஆண்டு வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 2007-க்குள் அந்த வருமானத்தையும் தாண்டிவிட்டது.

கேள்வி: திருப்பிக் கட்ட முடியாதவருக்கு ஏன் கொடுத்தார்கள்?

கொடுத்தவர் அந்த வீட்டுக் கடனைக் கையில் வைத்திருக்கப் போவதில்லையே! மூட்டை கட்டிப் பத்திரமாக்கி விற்றுவிடுவார். அதனால் பல இடங்களில் சம்பளச் சீட்டுகூடக் கேட்கவில்லை. வாயால் சொன்ன தொகையை எழுதிக்கொண்டார்கள். முதல் 2 ஆண்டுக்கு வட்டி குறைவு, மூன்றாம் ஆண்டில் தவணை எகிறும். வீட்டு விலை ஏறும்வரை புதுக்கடன் வாங்கிப் பழையதை அடைக்கலாம். 2006-ல் விலை ஏறுவது நின்றது.

கேள்வி: ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு எவ்வளவு போனால் அபாயம்?

அப்படி ஓர் எல்லைக்கோடே கிடையாது.

கேள்வி: சமத்துவமான நாட்டில் நெருக்கடி வராதா?

தாராளமாக வரும். ஸ்வீடன், பின்லாந்து, நார்வே எல்லாம் ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகள். 1980-களில் கடன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள், 1990-களின் தொடக்கத்தில் வங்கிகள் சாய்ந்தன. தென்னாப்பிரிக்காவில் ஏற்றத்தாழ்வு உலகிலேயே மிக மோசம்; 2008-ல் அங்கே வங்கிகள் கவிழவில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் மைக்கேல் போர்டோ, கிறிஸ்டோபர் மைஸ்னர் இருவரும் பல நாடுகளின் நீண்டகாலக் கணக்கைப் பார்த்து, கடன் பெருக்கம்தான் நெருக்கடிக்கு முன்னால் வருகிறது, ஏற்றத்தாழ்வு அல்ல என்றார்கள். எனக்கும் பெரும்பாலும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் கடன் ஏன் பெருகியது என்று அமெரிக்காவில் தோண்டினால் சம்பளப் பிரச்சினையில்தான் மண்வெட்டி இடிக்கிறது.

கேள்வி: நெருக்கடி வந்தால் பணக்காரரும்தானே இழக்கிறார்?

முதலில் இழக்கிறார். 2013-க்குள் அமெரிக்கப் பங்கு விலைகள் 2007-ன் உச்சத்தைத் தாண்டிவிட்டன. காத்திருக்க முடிந்தவருக்கு எல்லாம் திரும்பி வந்தது. வீடு ஒன்றே சொத்தாக இருந்து, அதை வங்கி ஏலம் விட்டவருக்குக் காத்திருக்க எதுவும் மிஞ்சவில்லை.