சேலத்திலிருந்து அமைப்புப் பொறியியல் பேராசிரியர் ஆவது எப்படி?

சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும் தாங்கள், சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் எனப்படும் அமைப்புப் பொறியியலில் பேராசிரியராக வழி கேட்டிருக்கிறீர்கள்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதிப்படி பி.இ., எம்.இ. இரண்டும் முடித்து, ஒன்றிலேனும் முதல் வகுப்பு பெற்றிருந்தால் உதவிப் பேராசிரியர் ஆகலாம்; அதற்கு மேலுள்ள பதவிகளுக்கு முனைவர் பட்டம் கட்டாயம். பேராசிரியர் பதவிக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவமும் ஆய்வு வெளியீடுகளும் வேண்டும்.

ஆனால் விதிகளைவிட, ஆய்வுக்கான கேள்வியைத் தேர்வதே கடினம் என்பேன். அதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் முழுக் கொள்ளளவு மட்டமான 120 அடியை நீர்மட்டம் நெருங்கும்போது, நீர்வரத்து, மின்னுற்பத்தி, டெல்டாவின் பாசனத் தேவை, கரையோர மக்களின் பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் ஒருசேர எடைபோட்டுத்தான் உபரிநீரை வெளியேற்றும் பதினாறு கண் மதகைத் திறக்கிறார்கள். அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே அமைப்பாகக் கணிப்பதுதான் இத்துறையின் வேலை.